சாட்சியில்லாத கையெழுத்து: தபாலில் திரும்பி வரும் பேஸ்பால் அட்டைகள்

அமெரிக்காவில் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பேஸ்பால் அட்டைகளைச் சேகரிப்பவர்களின் தபால்பெட்டியில் அவ்வப்போது ஓர் உறை வந்து விழும். அதன்மேல் உள்ள முகவரி அவர்களுடைய சொந்தக் கையெழுத்திலேயே இருக்கும். சில மாதங்களுக்கு முன் அவர்களே எழுதி, தபால்தலை ஒட்டி, மூன்றாக மடித்து, இன்னோர் உறைக்குள் வைத்து அனுப்பிய அதே உறைதான் அது. மடிப்பின் தடம் மாறாமல் இருக்கும். மூலைகள் சற்றே கசங்கியிருக்கும். விரலால் அழுத்திப் பார்த்தால் உள்ளே ஓர் அட்டையின் விறைப்பு தட்டுப்படும். அந்த அட்டையில் ஆட்டக்காரர் கையெழுத்திட்டிருக்கிறாரா, போனபடியே திரும்பியிருக்கிறதா என்பது உறையைப் பிரிக்கும்வரை தெரியாது. பத்திரிகைகளுக்குக் கதையோ கவிதையோ அனுப்பிய தமிழ் வாசகர்களுக்குப் 'போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை' என்ற தொடர் நினைவில் இருக்கும். பேஸ்பால் கையெழுத்துச் சேகரிப்பின் ஒரு பாதி அந்த உறையை நம்பியே நடக்கிறது. மைதானத்திற்கு நேரில் போய், ஆட்டம் தொடங்குமுன் தடுப்பையொட்டி நின்று கேட்டு வாங்குவது மறுபாதி.

இரண்டு வழிகளிலும் கேட்பவர் பெரும்பாலும் பணம் தருவதில்லை. கையெழுத்திடுபவருக்கும் அதில் எந்தக் கடமையும் இல்லை. ஆனால் தபாலில் வரும் கையெழுத்துக்கு மட்டுமே உரிய ஒரு குறை உண்டு. ஆட்டக்காரர் பேனாவைக் கையில் எடுத்ததை அதைப் பெறுபவர் பார்த்ததில்லை. கடந்த நாற்பது ஆண்டுகளில் விளையாட்டுக் கையெழுத்துகளின் சந்தை 'பார்த்தவர் யார்' என்ற கேள்வியைச் சுற்றியே மாறி வந்திருக்கிறது. அந்த மாற்றம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான், சந்தை குறைவாக மதிக்கும் ஒரு கையெழுத்துக்காக இத்தனை பேர் இன்னமும் ஏன் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

பேஸ்பால் அட்டைகள் 1880-களில் சிகரெட் பெட்டிகளில் பரவலாயின. பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே வைத்த கெட்டி அட்டையில் ஆட்டக்காரரின் படத்தைப் போட்டால் விற்பனையும் பெருகும் என்று புகையிலை நிறுவனங்கள் கண்டுகொண்டன. 1933-இல் கௌடி நிறுவனம் சூயிங்கத்தோடு அட்டைகளை விற்றபோது அவை பெரியவர்களின் சட்டைப்பையிலிருந்து சிறுவர்களின் கைக்கு இடம் மாறின. 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 407 அட்டைகள் கொண்ட தொகுதிதான் இன்று நாம் காணும் வடிவத்துக்கு முன்னோடி. முன்பக்கத்தில் வண்ணப் படம், பின்பக்கத்தில் பிறந்த ஊர், உயரம், எடை, ஆட்டப் புள்ளிவிவரம். அந்தத் தொகுதியில் இன்னொரு சங்கதியும் இருந்தது: படத்தின் கீழே பெயருக்குப் பக்கத்தில் ஆட்டக்காரரின் கையெழுத்தும் அச்சிடப்பட்டிருந்தது. அச்சு நகல்தான் என்றாலும், தன் நாயகன் தன் பெயரை எப்படி எழுதுவான் என்பதை ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். உண்மையான மையில் அதே வளைவுகளைப் பெற வேண்டும் என்ற ஆசைக்கு அந்த அச்சு நகலும் ஒரு வித்தாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

1957-இல் டாப்ஸ் தன் அட்டையின் அளவை இரண்டரை அங்குலம் அகலம், மூன்றரை அங்குலம் உயரம் என்று சுருக்கியது. அன்று முதல் இன்றுவரை அதுவே பொது அளவு. இந்தச் சிறு மாற்றம் தபால்வழிச் சேகரிப்புக்குப் பெரிய வசதி. பந்தையும் மட்டையையும் தபாலில் அனுப்பிப் பெறுவதற்குப் பெட்டியும் கூடுதல் கட்டணமும் வேண்டும். வீட்டில் வந்து குவியும் பொதிகளை மறுபடி கட்டி அனுப்ப ஆட்டக்காரருக்கும் பொறுமை இராது. இந்த அளவு அட்டையோ சாதாரண உறையில் அடங்கிவிடும். முகம், பெயர், அணி, ஆண்டு எல்லாம் அதிலேயே இருப்பதால், பத்து ஆண்டு கழித்து எடுத்துப் பார்க்கும்போது யாருடைய கையெழுத்து என்று திகைக்கவும் வேண்டாம்.

அனுப்பும் முறையில் ஒரு தேர்ந்த பழக்கம் உருவாகியிருக்கிறது. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, கையால் எழுதியிருக்க வேண்டும், அட்டைகள் ஒன்றோ இரண்டோ போதும். பத்து அட்டைகளைத் திணித்து அனுப்பினால் அனுப்பியவர் விற்பனைக்காரர் என்று ஆட்டக்காரர் முடிவு செய்துவிடுவார். கடிதத்தில் அந்த ஆட்டக்காரரைப் பற்றி மட்டுமே சொல்லக்கூடிய ஏதாவது ஒரு வரி இருந்தால் நல்லது. எந்த ஆட்டத்தில் அவரைப் பார்த்தோம், அவர் ஆடிய சிற்றூர் அணி நம் ஊருக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பன போன்ற செய்திகள் அச்சடித்த விண்ணப்பத்திலிருந்து அந்தக் கடிதத்தைப் பிரித்துக் காட்டும். அட்டை வளையாமலிருக்க ஒரு துண்டு காகித அட்டையைத் துணைக்கு வைப்பார்கள். ஒளிபுகும் உறைக்குள் அட்டையைப் போட்டு அனுப்பினால் சிலர் அந்தப் பிளாஸ்டிக்கின் மேலேயே கையெழுத்திட்டு அனுப்பிவிடுவதுண்டு என்பதால், அனுபவப்பட்டவர்கள் அதைத் தவிர்ப்பார்கள்.

அட்டையின் மேற்பரப்பும் ஒரு சிக்கல்தான். 1980-கள் வரை அட்டைகள் பெரும்பாலும் பளபளப்புக் குறைந்த பழுப்புத் தாளில் வந்தன. பால்பாயின்ட் பேனாகூட அவற்றில் ஓரளவு எழுதும். 1989-இல் அப்பர் டெக் நிறுவனம் வெண்மையான, வழவழப்பான தாளோடு சந்தைக்கு வந்த பிறகு மற்ற நிறுவனங்களும் அவ்வழி சென்றன. 1996-இல் உலோகம்போல் மின்னும் 'டாப்ஸ் குரோம்' வந்தது. கடையில் கண்ணைப் பறித்த இந்தப் பளபளப்பு மைக்குப் பகையானது. வழவழப்பான அட்டையில் மார்க்கர் மை ஒட்டாமல் நுண்ணிய குமிழிகளாகத் திரண்டு, கோடு கொப்புளித்ததுபோல் ஆகிவிடும். ஆகவே அனுப்பும் முன் அட்டையின்மேல் சிட்டிகை குழந்தைப் பவுடரைத் தூவி, பஞ்சால் வட்டம் வட்டமாகத் தேய்த்துத் துடைப்பார்கள். சிலர் மென்மையான அழிப்பானை மெல்ல ஓட்டுவார்கள். சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், கையெழுத்து விழவேண்டிய இடத்தில் மட்டும் பளபளப்பு சற்று மங்கித் தெரியும். ஷார்ப்பி மார்க்கர் 1964-இல் அறிமுகமானது. இன்று அட்டைக்கு அதுதான் பேனா, அதிலும் நீல நிறம்தான் பெரும்பாலோரின் தேர்வு. பந்துக்கு அது ஆகாது. தோலில் மை நாளடைவில் கசிந்து பரவிவிடும் என்பதால் பந்துக்குப் பால்பாயின்ட்தான்.

தபால்தலையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. திரும்பி வரும் உறை எப்போது புறப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வாரத்தில் வந்ததும் உண்டு, அனுப்பியதையே மறந்த பிறகு பல ஆண்டு கழித்து வந்ததும் உண்டு. முன்பெல்லாம் இடையில் தபால் கட்டணம் உயர்ந்துவிட்டால் உறையில் ஒட்டிய தலை போதாமல் போய்விடும். 2007-இல் அமெரிக்கத் தபால்துறை 'ஃபாரெவர்' என்ற பெயரில், விலை எழுதாத, எப்போதும் ஒரு சாதாரணக் கடிதத்துக்கு ஈடாகச் செல்லும் தபால்தலையைக் கொண்டுவந்தது. அன்று 41 சென்ட்டுக்கு விற்ற அந்தத் தலை, கட்டணம் 78 சென்ட் ஆகிவிட்ட 2025-க்குப் பிறகும் செல்லுபடியாகிறது. கையெழுத்துச் சேகரிப்பாளர்களை மனத்தில் வைத்து அது உருவாகவில்லை. ஆயினும் அதனால் இவர்கள் அளவுக்கு நிம்மதி அடைந்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

கனடாவின் டொரான்டோ புளூ ஜேஸ் அணி ஒரு தனிச் சிக்கல். அமெரிக்கத் தபால்தலை கனடாவில் செல்லாது. வெளிநாட்டுப் பதில் தபாலுக்காக இருந்த பன்னாட்டுக் கூப்பன் விற்பனையை அமெரிக்கத் தபால்துறை 2013-இல் நிறுத்திவிட்டது. ஆனால் அந்த அணி ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதிவரை ஃபுளோரிடா மாநிலத்தின் டனீடின் நகரில் பயிற்சி எடுக்கிறது. அந்த ஆறு வாரத்தில் அங்கே கடிதம் போய்ச் சேர்ந்தால் அமெரிக்கத் தபால்தலையே போதும். மற்ற அணிகளுக்கும் அந்தப் பருவமே ஏற்றது. முப்பது அணிகளில் பாதி ஃபுளோரிடாவிலும் பாதி அரிசோனாவிலும் முகாமிடும். ஆட்டத்தின் நெருக்கடி இன்னும் தொடங்காத நாள்கள் அவை. ஆட்டக்காரர் தம் பெயருக்கு வந்த கட்டைப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைக்கும். ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை 162 ஆட்டங்கள், ஊர் ஊராகப் பயணம் என்று ஓடும்போது அணியின் முகவரிக்கு வரும் கடிதங்கள் பெட்டிகளில் தேங்கிவிடும். ஆகவே சேகரிப்பாளர்களுக்கு ஜனவரி கடைசிதான் சுறுசுறுப்பான காலம்.

இன்று ஆடிக்கொண்டிருக்கும் நட்சத்திரங்களிடமிருந்து பதில் வருவது அரிது. தபால்வழிச் சேகரிப்பின் உண்மையான செழிப்பு ஓய்வுபெற்றவர்களிடம்தான் இருக்கிறது. அதிலும் பெரிய புகழ் பெறாத, இரண்டோ மூன்றோ பருவம் மட்டும் ஆடி, ஒரே ஓர் அட்டையில் படம் வந்து, பிறகு ஊருக்குத் திரும்பிவிட்ட முதியவர்களிடம் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு கடிதங்கள் வரும். ஐம்பது ஆண்டுக்கு முன் தாம் எறிந்த ஒரு பந்தை யாரோ ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் அவர்கள் கையெழுத்தோடு நிறுத்துவதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவார்கள். தாம் எதிர்கொண்டவர்களில் கடினமானவர் யார் என்று சொல்வார்கள். இந்தக் கடிதங்களை அட்டையைவிட உயர்வாக மதிக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்தப் பத்திரிகையாளரும் தேடிப் போகாத மனிதர்களின் சொந்த வாக்குமூலங்கள் அவை. அட்டை உண்டான ஆட்டத்தைப் பற்றி அட்டையே சொல்லாத பலவற்றை அவை சொல்கின்றன.

சிலர் சிறு கட்டணம் கேட்கிறார்கள். அட்டையைக் கையெழுத்திடாமல் திருப்பி, கூடவே தொகை எழுதிய ஒரு சீட்டை வைப்பார்கள். அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் ஒரு பின்னணியை அறிந்திருப்பது நல்லது. 1980-க்கு முன் ஓய்வூதிய உரிமை பெற ஓர் ஆட்டக்காரர் நான்கு ஆண்டுகள் முதல்நிலை அணிகளில் இருந்திருக்க வேண்டும். 1980 ஒப்பந்தம் அதை 43 நாளாகக் குறைத்தது. ஆனால் முன்பு ஆடி விலகியவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2011-இல்தான் அவர்களில் உயிரோடிருந்த எண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு, ஆடிய காலத்தைக் கணக்கிட்டு, ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 டாலர் தர ஏற்பாடானது. தம் முகத்தை அச்சிட்ட அட்டையால் பிறர் ஈட்டிய பணத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் ஐந்தோ பத்தோ டாலர் கேட்பதில் எனக்குக் குறை தெரியவில்லை. கட்டணத்தைத் தம் ஊர்த் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பவர்களும் பலர்.

தயங்காமல் கையெழுத்திடுவதில் பெயர்பெற்ற பெரியவர்களும் இருந்தார்கள். அயோவா மாநிலத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த வேகப்பந்து எறிவாளர் பாப் ஃபெல்லர் 2010-இல் 92 வயதில் மறையும்வரை எத்தனை கையெழுத்திட்டார் என்பதற்குக் கணக்கில்லை. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் புரூக்ஸ் ராபின்சனும் அப்படித்தான். அவர்களுடைய கையெழுத்து எளிதாகக் கிடைப்பதால் விலை குறைவு. ஒருவருடைய பெருந்தன்மை அவருடைய கையெழுத்தின் விலையைக் குறைத்துவிடும் இந்தக் கணக்கு, சந்தையின் மதிப்பும் மனிதரின் மதிப்பும் வேறு வேறு என்பதற்கு நல்ல சான்று.

எதிர்முனையில் இருப்பவர் 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சன். தென் கரோலினாவின் பஞ்சாலைக் குடியிருப்பில் வளர்ந்து, பள்ளி செல்லாமல் சிறுவயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாததால், கடிதங்களுக்கும் ஆவணங்களுக்கும் அவருடைய பெயரைப் பெரும்பாலும் மனைவி கேட்டி எழுதினார். தேவைப்பட்ட சில இடங்களில் மட்டும் அவர் தம் பெயரின் வடிவத்தைப் படம் வரைவதுபோல் பார்த்து வரைந்தார். 1911-இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் அவர் அப்படி இட்ட கையெழுத்து, 2021 ஏலத்தில் 14 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது.

ஜாக்சனின் கதையில் மனைவி எழுதினார் என்பது இன்று வெளிப்படையாகத் தெரியும். மற்றவர்கள் விஷயத்தில் அது எப்போதும் தெரியாது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸுக்கு வந்த விண்ணப்பங்கள் பலவற்றில், அணியின் உடைமாற்றும் அறைப் பொறுப்பாளர் ஜானி ஓர்லாண்டோ அவருக்காகப் பெயர் எழுதினார் என்பது சேகரிப்பாளர்களிடையே நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. வேறு பலருக்கு மனைவியோ செயலரோ எழுதினார்கள். ரப்பர் முத்திரை குத்தியவர்களும் உண்டு. ஏமாற்றும் எண்ணம் பெரும்பாலும் இல்லை. ஒரு சிறுவனை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாததால் செய்த காரியம். ஆனாலும் தபாலில் வந்த கையெழுத்தின்மேல் ஐயம் விழ அதுவும் ஒரு வழி. இதனால்தான் கவனமான சேகரிப்பாளர்கள் திரும்பி வந்த உறையைத் தூக்கி எறிவதில்லை. எந்தப் பகுதியிலிருந்து எந்தத் தேதியில் வந்தது என்பதை அஞ்சல் முத்திரை காட்டும். அனுப்பிய நாள், வந்த நாள், முகவரி எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, உறையை அட்டையோடு சேர்த்து வைப்பார்கள்.

நேரில் வாங்குவதில் இந்த ஐயத்துக்கு இடமில்லை, கண்ணெதிரே எழுதப்படுகிறது. வாயில் திறந்ததும் உள்ளே ஓடி, அணிகள் அமரும் டக்அவுட்டின் ஓரத்திலோ பக்கக்கோட்டை ஒட்டிய முதல் வரிசையிலோ இடம்பிடிக்க வேண்டும். மட்டைப் பயிற்சி முடிந்து ஆட்டக்காரர்கள் உள்ளே போகும் சில நிமிடங்கள்தான் வாய்ப்பு. அட்டைகளை அணிவாரியாக அடுக்கிய கோப்பிலிருந்து சரியான அட்டையைப் பக்கத்தோடு திறந்து, மூடி கழற்றிய மார்க்கரோடு நீட்ட வேண்டும். எண் தெரியும் முன்பே முகம் தெரிந்திருக்க வேண்டும். பெயரைத் தவறாகக் கூப்பிட்டால் ஆட்டக்காரர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். ஆட்டத்தின் நடுவில் கேட்பது மரியாதையன்று என்பதை வழக்கமாக வருபவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

இப்படிப் பெறுவது முன்னைவிடக் கடினமாகிவிட்டது. பார்வையாளர்கள்மேல் பந்து பட்டுக் காயமடைந்த சம்பவங்களுக்குப் பிறகு, 2018 பருவம் தொடங்கும்போது முப்பது மைதானங்களிலும் பாதுகாப்பு வலை டக்அவுட்டின் கடைசிவரை நீண்டது. பிறகு அதையும் தாண்டிச் சென்றது. வலை வேண்டியதுதான், அதில் மறுப்பில்லை. ஆனால் அட்டையையும் பேனாவையும் நீட்டிய கைக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே இப்போது ஒரு பின்னல் நிற்கிறது. ஆகவே பலர் முதல்நிலை அணிகளுக்குக் கீழே உள்ள 120 இளநிலை அணிகளின் சிறு மைதானங்களுக்குப் போகிறார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அங்கே தன் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் நிதானமாக எழுதித் தருவான். ஐந்து ஆண்டில் அவனே முதல்நிலைக்கு உயர்ந்து ஒரு நாளைக்கு நூறு பேருக்கு எழுதும்போது, அதே பெயர் ஒரு வளைவும் ஒரு கோடுமாகச் சுருங்கிவிடும். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவன் வாழ்க்கை எவ்வளவு வேகம் எடுத்திருக்கிறது என்பது புரியும்.

சிறுவர்களுக்குப் பின்னால் கைநிறையப் பந்துகளோடு நிற்கும் விற்பனைக்காரர்களை ஆட்டக்காரர்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பெற்றுக்கொள்பவரின் பெயரையும் சேர்த்து 'இன்னாருக்கு' என்று எழுதித் தருவது அவர்கள் கண்ட எளிய தற்காப்பு. பெயர் சேர்ந்த கையெழுத்தை வாங்க ஆள் குறைவு. தனக்கென்று கேட்டவருக்கோ அதுதான் மகிழ்ச்சி.

பணம் இந்த உலகத்துக்குள் பெரிய அளவில் நுழைந்தது 1980-களில். அட்டைக் கண்காட்சிகள் பெருகின. தேசிய விளையாட்டுச் சேகரிப்பாளர் மாநாடு 1980-இல் லாஸ் ஏஞ்சலஸில் முதன்முதலாகக் கூடியது. ஓய்வுபெற்ற நட்சத்திரங்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, நுழைவுச்சீட்டு வாங்கியவர்களுக்கு வரிசையில் கையெழுத்திட்டார்கள். அந்தப் பணம் எவ்வளவு பெரிதானது என்பதை வருமான வரி வழக்குகள் காட்டின. முன்னாள் நட்சத்திரம் பீட் ரோஸ் 1990-இல் சிறை சென்றதற்குக் கணக்கில் காட்டாத கையெழுத்து, நினைவுப்பொருள் வருமானமும் ஒரு காரணம். 1995-இல் அவரைப்போலவே ஓய்வுபெற்ற நட்சத்திரங்களான டியூக் ஸ்னைடரும் வில்லி மெக்கோவியும் கண்காட்சி வருமானத்தை மறைத்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

1990-இல் அப்பர் டெக் எடுத்த முடிவுதான் பாதையையே திருப்பியது. ஓய்வுபெற்ற நட்சத்திரம் ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்டு எண்ணிட்ட 2,500 அட்டைகளை அந்த நிறுவனம் தன் பொட்டலங்களுக்குள் கலந்து விற்றது. அட்டையை அச்சிட்ட நிறுவனமே கையெழுத்துக்கும் உத்தரவாதம் தந்தது. அதன்பின் இது எல்லா நிறுவனங்களின் வழக்கமாகிவிட்டது. ஆட்டக்காரர்களுக்கு ஒட்டுத்தாள்களைக் கட்டுக்கட்டாக அனுப்பி, அவர்கள் கையெழுத்திட்டதை அட்டையில் ஒட்டி விற்கும் முறையும் வந்தது; அந்தக் கையெழுத்தை இட்டவர் அட்டையைத் தொட்டதே இல்லை. 2024-இல் லாஸ் ஏஞ்சலஸில் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் பிரித்த பொட்டலத்தில் பிட்ஸ்பர்க் எறிவாளர் பால் ஸ்கீன்ஸ் கையெழுத்திட்ட, உலகில் ஒன்றே ஒன்றான அட்டை இருந்தது. முதல் ஆட்டத்தில் அவர் அணிந்த சட்டையின் சின்னமும் அதில் பதிக்கப்பட்டிருந்தது. அடுத்த மார்ச்சில் அது 11 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அந்தச் சிறுவனின் மகிழ்ச்சியில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆயினும் அந்தக் கையெழுத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை. யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

விலை ஏறிய இடத்தில் போலியும் வந்தது. சான் டியேகோ பாட்ரெஸ் அணியின் டோனி குவின் தம் அணியின் கடையிலேயே தம் பெயரில் போலிக் கையெழுத்திட்ட பொருள்கள் இருப்பதைக் கண்டு சொன்னார். எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் நடத்திய விசாரணை 1999 அக்டோபரில் பெரும் சோதனைகளில் முடிந்தது. பிடிபட்டவற்றுள் அன்னை தெரசாவின் பெயரில் கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன என்றால், வாங்குபவர்களின் நம்பிக்கை எந்த அளவுக்குச் சுரண்டப்பட்டது என்று ஊகிக்கலாம்.

2001-இல் முதல்நிலை அணிகளின் அமைப்பான மேஜர் லீக் பேஸ்பால் தன் சொந்தச் சான்றளிப்பு முறையைத் தொடங்கியது. பணியிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற காவல்துறையினர் மைதானங்களில் இருப்பார்கள். தாங்கள் கண்ணால் கண்டதற்கு மட்டும் எண்ணிட்ட ஹோலோகிராம் வில்லையை ஒட்டுவார்கள். காணாததற்கு, அது எவ்வளவு உண்மையாகத் தோன்றினாலும், வில்லை கிடையாது. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற தனியார் நிறுவனங்களின் வேலை வேறு. அவர்கள் மாதிரிகளோடு ஒப்பிட்டு, எழுத்தின் ஓட்டம், அழுத்தம், காலம் ஆகியவற்றைப் பார்த்து, இது உண்மையானதாக இருக்கும் என்று கருத்துச் சொல்கிறார்கள். முன்னது சாட்சியம், பின்னது கருத்து. விற்பனை விளம்பரங்களில் இவ்விரண்டும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது வாங்குபவர்களைக் குழப்புகிறது. தபாலில் வந்த கையெழுத்துக்கு முதல் வகைச் சான்று ஒருநாளும் கிடைக்காது. கருத்து வாங்கலாம், ஆனால் பல சாதாரண ஆட்டக்காரர்களின் கையெழுத்துக்கு அந்தக் கருத்தின் கட்டணமே அட்டையின் விலையைவிடக் கூடுதலாக இருக்கும்.

ஆகவே விற்க நினைப்பவருக்குத் தபால்வழி ஏற்றதன்று. இதுவே அதைக் காப்பாற்றியும் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆதாயம் தேடுபவர்கள் கண்காட்சிக்கும் பொட்டலங்களுக்கும் போய்விட, உறைக்குள் கடிதம் வைத்து அனுப்புபவர்கள் பெரும்பாலும் அந்த ஆட்டக்காரரிடம் ஏதோ சொல்ல விரும்புபவர்களாகவே எஞ்சினார்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பயிற்சி முகாம்கள் நின்று, ஆட்டக்காரர்கள் வீட்டில் அடைந்திருந்த மாதங்களில் இது நன்றாகத் தெரிந்தது. மைதான வாசல்கள் பூட்டியிருந்தபோது, பல ஆண்டுகளாகப் பிரிக்காமல் கிடந்த கட்டுகளைப் பலர் பிரித்தார்கள். எதிர்பார்ப்பையே விட்டுவிட்டிருந்த சேகரிப்பாளர்களின் வீடுகளுக்குச் சுயவிலாசமிட்ட உறைகள் திரும்பி வந்தன.

சாட்சி இல்லாத இடத்தில் ஆட்டக்காரர் தரக்கூடியது படிக்கத் தக்க எழுத்து ஒன்றுதான். மின்னசோட்டா ட்வின்ஸ் அணியின் ஹார்மன் கில்லப்ரூ இதை நன்கு உணர்ந்தவர். 573 ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து, 1984-இல் பேஸ்பால் புகழ்க்கூடத்தில் இடம்பெற்ற அவர், தம் அணியின் இளைஞர்கள் பெயரைக் கிறுக்கித் தருவதைக் கண்டால் விடமாட்டார். கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது யார் எழுதியது என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லி, டோரி ஹன்டரையும் மைக்கேல் கடையரையும் எழுத்தெழுத்தாக எழுதப் பழக்கினார். 2011 மே மாதம் அவர் மறைந்தபோது அவர்கள் நினைவுகூர்ந்த செய்திகளில் இதுவும் ஒன்று. கில்லப்ரூவின் பழைய அட்டைகளில் அவருடைய கையெழுத்தைப் பார்த்தால், முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்றுகூட விடுபடாமல், ஒரே சாய்வில் நிற்கும். கீழே அச்சிட்ட பெயரை விரலால் மறைத்துவிட்டாலும் யார் எழுதியது என்று படித்துவிடலாம்.